பதினேழு நிமிடங்கள்: மான்செஸ்டர் அரீனா வாசலில் நடந்ததும் நடக்காமல் போனதும்

2017 மே 22, திங்கட்கிழமை இரவு. மணி 10.14 இருக்கும். மான்செஸ்டர் அரீனாவின் முன்கூடத்தில், கச்சேரி பார்க்கப் போன பிள்ளையை அழைத்துப்போகக் காத்திருந்தார் ஒருவர். கூடத்தின் ஒரு பக்கம் படியேறிப் போனால் இடைத்தளம் ஒன்று உண்டு. அங்கே ஓர் இளைஞன் சுவரோரமாக, யார் கண்ணிலும் படாத மாதிரி உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். பக்கத்தில் பெரிய முதுகுப்பை. அவருக்கு மனசு ஒப்பவில்லை. நேரே போய்க் கேட்டார்: பையில் என்ன இருக்கிறது, இங்கே என்ன செய்கிறாய்? யாருக்காகவோ காத்திருப்பதாகச் சொன்ன அந்த இளைஞன், மணி என்ன என்று திருப்பிக் கேட்டான்.

அவர் அதோடு விடவில்லை. கீழே வந்து, கூடத்தில் நின்ற பாதுகாப்பு ஊழியரிடம் விஷயத்தைச் சொன்னார். 10.31-க்கு அந்த இளைஞன் இடைத்தளத்திலிருந்து இறங்கிவந்து, கூட்டத்தின் நடுவில் வெடிகுண்டை வெடிக்கச் செய்தான். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் மிக இளையவள் 8 வயதுச் சிறுமி. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோரும் இறந்தவர்களில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள்.

ஆக, ஆபத்தை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், வாய்திறந்து கேட்டார், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியும் விட்டார். அதற்குப் பிறகும் 17 நிமிடங்கள் மீதமிருந்தன. அந்த 17 நிமிடங்களில் அவர் சொன்ன செய்தி எங்கே போய் நின்றது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பொது இடங்களில் பாதுகாப்பு என்றதும் நம் எல்லோர் மனதிலும் மெட்டல் டிடெக்டரும் துப்பாக்கி ஏந்திய காவலும்தான் வரும். மான்செஸ்டரில் தவறியது அவற்றைவிட எளிய ஒன்று. கண்டவர் சொன்னது, முடிவெடுக்கக்கூடியவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

(தாக்கியவனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவன் மான்செஸ்டரிலேயே பிறந்த 22 வயது இளைஞன். பெற்றோர் லிபியாவிலிருந்து வந்தவர்கள். உடந்தையாக இருந்த தம்பிக்கு 2020-இல் குறைந்தபட்சம் 55 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்களைப் பற்றி இவ்வளவு போதும்.)

வாசல் எது?

இடத்தின் அமைப்பு புரியாமல் இந்தச் சம்பவம் புரியாது. மான்செஸ்டர் அரீனா விக்டோரியா ரயில் நிலையத்தோடு ஒட்டிய கட்டடம். அன்று அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டேயின் கச்சேரி. 14,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள், பெரும்பாலும் சிறுமிகளும் இளம்பெண்களும். நிலையத்திலிருந்து அரங்குக்குப் போகும் வழியில் இருப்பது ‘சிட்டி ரூம்’ என்ற பெரிய முன்கூடம். டிக்கெட் கவுன்டர் அங்கேதான். பெற்றோர் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்பதும் அங்கேதான். பையைத் திறந்து பார்க்கும் சோதனையோ, இந்தக் கூடத்தைத் தாண்டி, அரங்கின் கதவருகே நடந்தது. சிட்டி ரூமுக்குள் யார் வேண்டுமானாலும் எந்தப் பையோடும் வரலாம்.

சோதனை என்பது அரங்குக்குள் போகிறவர்களுக்கானது என்ற கணக்கு இது. ஆனால் கச்சேரி முடிந்ததும் 14,000 பேரில் பெரும்பகுதி எங்கே வரும்? அதே கூடத்துக்குத்தான். உள்ளே போகும்போது கூட்டம் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. வெளியே வரும்போது சில நிமிடங்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. காவல் தளர்வதும் அந்த நேரத்தில்தான். கச்சேரி நல்லபடியாக முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடும். தாக்கியவன் குறிவைத்தது அந்த நேரத்தையும் அந்த இடத்தையும்தான். அதற்கு முன் மே 18, மே 21, பிறகு சம்பவ நாளிலேயே ஒரு முறை என்று மூன்று தடவை வந்து இடத்தை நோட்டம் பார்த்திருக்கிறான்.

இதோடு ஒப்பிட 2015 நவம்பர் 13 இரவு பாரிஸில் நடந்ததைப் பார்க்கலாம். ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானத்தில் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்று தற்கொலைத் தாக்குதல்காரர்களாலும் உள்ளே நுழைய முடியவில்லை, வெளியேதான் வெடித்தார்கள். அங்கே பொதுமக்களில் இறந்தவர் ஒருவர். உள்ளே பல்லாயிரம் பேர். ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் தெருவில் கொட்டிவிடாமல், பலரை மைதானத்துக்குள்ளேயே நிறுத்திவைத்தார்கள். ரசிகர்கள் புல்தரையில் இறங்கி நின்ற படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே இரவில் பட்டக்லான் இசையரங்கில் 90 பேர் கொல்லப்பட்டார்கள். சோதனை நடக்கும் கோடு கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கும் விஷயம். மான்செஸ்டரில் அந்தக் கோடு கூட்டத்துக்கு உள்பக்கம் இருந்தது.

10.14 முதல் 10.31 வரை

பிரிட்டிஷ் அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கு முன்னாள் நீதிபதி சர் ஜான் சாண்டர்ஸ் தலைமை தாங்கினார். அறிக்கை மூன்று தொகுதிகளாக வந்தது: அரங்கின் பாதுகாப்பு பற்றி 2021 ஜூன், மீட்புப் பணி பற்றி 2022 நவம்பர், தாக்குதலை முன்கூட்டியே தடுத்திருக்க முடியுமா என்பது பற்றி 2023 மார்ச். நிமிடக் கணக்கில் ஒவ்வொன்றையும் அடுக்கியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கும்.

தாக்கியவன் 9.33 வாக்கில் கூடத்துக்குள் வந்து இடைத்தளத்தில் போய் உட்கார்ந்தான். அந்த இடம் சிசிடிவி கேமராக்களின் கண்ணில் படாத மூலை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தான். கூட்டம் வெளியேறும் முன் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது பாதுகாப்புப் பணியின் ஒரு பகுதி. அன்று கூடம் வழியாக நடந்துபோன மேற்பார்வையாளர் இடைத்தளத்துக்குப் படியேறவில்லை. ஒரே ஒரு மாடிப்படி.

அந்தக் கூடத்தில் கூட்டம் கலையும்போது, ரயில் நிலையங்களைக் காக்கும் பிரிட்டிஷ் போக்குவரத்துக் காவல்துறையின் அதிகாரி ஒருவர் நின்றிருக்க வேண்டும். 10 மணி முதல் 10.31 வரை ஒருவர்கூட அங்கே இல்லை. பணியில் இருந்தவர்கள் இடைவேளைகளை மாற்றி மாற்றி எடுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது, அப்படி நடக்கவில்லை. ஓர் அதிகாரியின் சாப்பாட்டு இடைவேளை மட்டும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது.

சரி, அந்தத் தந்தை சொன்ன செய்திக்கு வருவோம். அவர் சொன்னது 19 வயதுப் பாதுகாப்பு ஊழியரிடம். அவருடைய வேலை ஒரு கதவைக் காப்பது. அதை விட்டு நகர முடியாது என்று அவர் நினைத்தார். கையில் ரேடியோ கிடையாது. மேற்பார்வையாளரின் கண்ணில் படப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. எட்டு ஒன்பது நிமிடம் கழித்து, 10.23-க்கு, இன்னொரு ஊழியர் அந்தப் பக்கம் வந்தார். அவருக்கு 18 வயது. அவரிடம் ரேடியோ இருந்தது. இருவரும் இடைத்தளத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சொன்னவருக்குத் தன் பேச்சைத் தட்டிக்கழித்துவிட்டார்கள் என்ற உணர்வுதான் மிஞ்சியது.

சாண்டர்ஸ் அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. இறந்த 22 பேரில் 10.14-க்கு முன்பே சிட்டி ரூமுக்குள் வந்திருந்தவர் ஒரே ஒருவர். 11 பேர் அரங்கின் கதவுகளைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தது 10.30-க்குப் பிறகு. கதவுகளை மூடி மக்களை வேறு வழியாக அனுப்ப ஒரு நிமிடம் கிடைத்திருந்தாலும்கூட என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். முன்பே யாராவது எதிர்கொண்டிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்பது யாருக்கும் தெரியாது, அறிக்கையும் அதைச் சொல்கிறது. ஆனால் சேதம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அதன் முடிவு. பொறுப்பை அது மூன்று தரப்பின் மேல் வைத்தது: அரங்கை நடத்திய எஸ்எம்ஜி, பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனம் ஷோசெக், பிரிட்டிஷ் போக்குவரத்துக் காவல்துறை.

அந்த இரண்டு இளைஞர்களைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். பதின்ம வயதுப் பையன் ஒருவனை, ரேடியோகூடக் கொடுக்காமல், சந்தேகம் வந்தால் யாரிடம் போகவேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல், ஆயிரக்கணக்கானோர் வெளியேறும் வாயிலில் நிறுத்தியது யார்? கணினியில் ஒரு பயிற்சிப் பாடத்தை ஓட்டி முடித்தால் பயிற்சி முடிந்தது என்று எண்ணியது யார்? அந்த நேரத்தில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டிருந்த எச்சரிக்கை நிலை ‘கடுமை’. தாக்குதல் நடக்க வாய்ப்பு மிக அதிகம் என்று பொருள். 2014-இலிருந்து அதே நிலைதான், அதனால் அது சுவரில் தொங்கும் காலண்டர் மாதிரி ஆகிவிட்டது. அன்று அரீனாவின் பாதுகாப்பைக் கவனித்தவர்களில் ஒருவர்கூட அங்கே தாக்குதல் நடக்கும் என்று உண்மையாக நம்பவில்லை என்கிறார் சாண்டர்ஸ்.

சந்தேகமும் நிறமும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு இது நேரடியாகத் தொடும் விஷயம்.

அந்த 18 வயது ஊழியர் தன் வாக்குமூலத்தில் ஒன்றைச் சொன்னார். தவறாகச் சந்தேகித்தால் தன்னை இனவெறியன் என்பார்களோ என்று பயந்ததாகச் சொன்னார். பழுப்பு நிறத் தோலோடு, தோளில் பையோடு, ஐரோப்பிய ரயில் நிலையங்களில் நின்று பழக்கப்பட்ட எவருக்கும் இந்த வாக்குமூலத்தின் இரண்டு பக்கமும் வலிக்கும். நிறத்தைப் பார்த்து நம்மைச் சந்தேகிப்பதை நாம் ஏற்க முடியாது. அதேசமயம், அந்தப் பயத்தால் ஒரு பையன் வாயடைத்து நின்றதன் விலை என்ன என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் நன்றாகப் பாருங்கள்: அந்த இளைஞனைச் சந்தேகிக்க அவன் நிறம் தேவையே படவில்லை. கச்சேரி முடியப்போகும் நேரத்தில், டிக்கெட் இல்லாமல், அளவுக்கு மீறிய பெரிய பையோடு, கேமராவும் ஆட்களும் பார்க்காத மூலையில் ஒருவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். அவன் வெள்ளைக்காரனாக இருந்தாலும் அது கேட்கவேண்டிய கேள்விதான். பார்க்கவேண்டியது நடத்தையை. அப்புறம், கேட்பது என்றால் குற்றம்சாட்டுவது என்று பொருளில்லை. “வணக்கம், உதவி ஏதாவது வேண்டுமா?” என்று ஆரம்பித்தால் போதும். பிரிட்டனின் பாதுகாப்பு ஆலோசகர்கள் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் இந்த ‘ஹலோ’வைத்தான். வழிதெரியாமல் நிற்பவருக்கு அது உதவி. தப்பான எண்ணத்தோடு வந்தவனுக்கு, தன்னைக் கவனித்துவிட்டார்கள் என்ற செய்தி. ஒருவரையும் அவமானப்படுத்தாமல் இரண்டும் நடக்கும்.

அதற்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால், பொதுமக்களில் ஒருவராக நாம் செய்யக்கூடியது: முதலில் அந்த இடத்திலிருந்து விலகுவது, ஊழியரிடம் சொல்வது, அவர் அசையவில்லை என்றால் காவல்துறையின் அவசர எண்ணைக் கூப்பிடுவது. அந்தத் தந்தை செய்ததில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் கதையைப் படித்தபிறகு நான் ஒன்றை மனதில் வைத்திருக்கிறேன்: ஒருவரிடம் சொல்லிவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் என்ன செய்தார் என்று பார்க்கவேண்டும், இன்னொருவரிடமும் சொல்லவேண்டும்.

வெடித்த பிறகு

முதல் தொகுதி கோபத்தைத் தரும் என்றால், இரண்டாம் தொகுதி தூக்கத்தைக் கெடுக்கும்.

வெடித்த சில நிமிடங்களில் காவலர்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஆனால் முதல் 40 நிமிடங்கள் சிட்டி ரூமுக்குள் இருந்த ஆம்புலன்ஸ் சேவை மருத்துவப் பணியாளர் ஒரே ஒருவர். பிறகு இருவர் வந்தார்கள். மொத்தமே மூன்று பேர். தீயணைப்புப் படை வந்து சேர்ந்தது இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. மிக அருகில், ஒரு மைலுக்குள், தீயணைப்பு நிலையம் இருந்தது. அங்கிருந்த வீரர்களை மூன்று மைல் தள்ளியுள்ள வேறொரு நிலையத்துக்குப் போய்க் காத்திருக்கச் சொன்னார்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் இன்னும் உலவுகிறார்கள் என்ற எண்ணத்தில் காவல்துறை 10.47-க்கு ஒரு சிறப்பு நடவடிக்கையை அறிவித்தது. அந்த அறிவிப்பு தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் போகவில்லை. அன்றிரவு முழுப்பொறுப்பையும் சுமந்த காவல் அதிகாரிக்கு ஒரே நேரத்தில் அத்தனை வேலைகள், அத்தனை போன் அழைப்புகள். வெடிப்பதற்கு முன் நடந்த அதே தவறுதான் வெடித்தபின்னும்: ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார்? பொதுமக்கள், அரங்க ஊழியர்கள், பணியில் இருந்த முதலுதவியாளர்கள், காவலர்கள். ஸ்ட்ரெச்சர் இல்லை. விளம்பரப் பலகைகளிலும் மேசைகளிலும் இரும்புத் தடுப்புகளிலும் காயப்பட்டவர்களைக் கிடத்திப் படியிறக்கினார்கள்.

காயப்பட்டவர்களில் 28 வயது இளைஞர் ஒருவர். கால்களில் கடுமையான காயம். முன்பின் தெரியாத ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டால் காலை இறுக்கிக் கட்டி, அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். அந்த இளைஞர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உயிரோடு இருந்தார். சரியான சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணை முடிவுக்கு வந்தது.

கடுமையான ரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸ் சேவை இருந்தாலும், அது வரும்வரை ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர்தான் மருத்துவர். செய்யவேண்டியது கடினமானதல்ல. காயத்தின் மேல் துணியை வைத்து, இரண்டு கையாலும், முழு எடையும் கொடுத்து அழுத்தவேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையிலோ காலிலோ ரத்தம் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு மேலே, மூட்டின் மேல் இல்லாமல், இறுக்குக் கட்டுப் போடவேண்டும். வலிக்கும். வலிக்கிறதே என்று தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். இதற்கென்றே செய்த கட்டு கிடைத்தால் நல்லது. பெல்ட்டைப் போதிய அளவு இறுக்குவது கஷ்டம், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். அரை நாள் முதலுதவி வகுப்பில் இதைக் கையால் செய்து பழகிவிடலாம். 2015-இல் அமெரிக்காவில் ‘ரத்தத்தை நிறுத்து’ என்று தொடங்கிய இயக்கம் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

அரங்குக்குள் இருந்தவர்கள் அனுபவமும் பாடம்தான். பலர் சத்தம் கேட்டதும் ஸ்பீக்கர் வெடித்தது, பலூன் வெடித்தது என்று நினைத்தார்கள். பிறகு ஒரே ஓட்டம். தாயும் மகளும் பிரிந்தார்கள். பிள்ளைகளைத் தேடி பெற்றோர் விடிய விடிய அலைந்தார்கள். பிரிட்டிஷ் காவல்துறை மக்களுக்குச் சொல்லும் வாசகம் மூன்று சொற்கள்: ஓடு, ஒளி, சொல். தப்பிக்க வழி இருந்தால் ஓடு. இல்லையென்றால் ஒளிந்துகொண்டு போனைச் சத்தமில்லாமல் வை. பாதுகாப்பானதும் காவல்துறைக்குச் சொல். துப்பாக்கி, கத்தித் தாக்குதலை மனதில் வைத்துச் சொன்னது என்றாலும் எங்கும் பொருந்தும். இதோடு என் பங்குக்கு இரண்டு சேர்ப்பேன். உட்கார்ந்ததும் நீங்கள் நுழைந்த கதவைத் தவிர இன்னொரு வெளிவாசல் எங்கே என்று பார்த்துவையுங்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வருவதாக இருந்தால், சந்திக்கும் இடத்தை முன்கூடத்தில் வைக்காதீர்கள். ஒரு தெரு தள்ளி, கூட்டமில்லாத ஓரிடத்தைச் சொல்லிவையுங்கள்.

மூன்றாம் தொகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உளவு அமைப்பான எம்ஐ5 தன் கைக்கு வந்த ஒரு தகவலை உரிய வேகத்தில் பயன்படுத்தவில்லை, தாக்குதலைத் தடுத்திருக்கக்கூடிய முக்கியமான வாய்ப்பு தவறியது என்றார் சாண்டர்ஸ். அமைப்பின் தலைவர் கென் மெக்காலம் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு தாயின் சட்டம்

இறந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் ஹெட், வயது 29. அவருடைய தாய் பிகன் மரே. மகன் போனபிறகு ஒருமுறை ஒரு நிகழ்ச்சிக்குப் போனார். வாசலில் யாரும் எதையும் சோதிக்கவில்லை. தன் ஊரிலேயே, இத்தனைக்கும் பிறகும், எதுவும் மாறவில்லை என்று கண்டபோதுதான் அவர் தன் போராட்டத்தைத் தொடங்கினார். பயங்கரவாதத் தடுப்பில் முதுகலைப் படிப்பும் முடித்தார். 2024 மே மாதம் மான்செஸ்டரிலிருந்து லண்டனில் பிரதமர் இல்லம் வரை சுமார் 200 மைல் நடந்தார்.

மக்கள் கூடும் இடங்கள் தாக்குதலுக்குத் தயாராக இருக்கவேண்டும் என்ற அவருடைய கோரிக்கை 2025 ஏப்ரல் 3 அன்று சட்டமானது. ‘மார்ட்டின் சட்டம்’ என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். 200 முதல் 799 பேர் வரை கூடும் இடங்களுக்கு ஒரு தரம், 800-உம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு தரம். பெரிய இடங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுத்தில் வைக்கவேண்டும், பொறுப்பாளரைக் காட்டவேண்டும்; தவறினால் 1.8 கோடி பவுண்டு வரை அபராதம் போகலாம். சிறிய இடங்களிடம் சட்டம் கேட்பது செலவில்லாத நான்கு விஷயங்கள்: மக்களை எப்படி வெளியேற்றுவது, ஆபத்து வெளியே இருந்தால் எப்படி உள்ளே கொண்டுவருவது, கதவுகளை எப்படி அடைப்பது, எல்லோருக்கும் எப்படிச் சொல்வது. நடைமுறைக்கு வரக் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. முதல் வரைவில் இருந்த 100 பேர் என்ற எல்லையை 200 ஆக்கியது எனக்கு வருத்தம்தான். 150 பேர் கூடும் அறையிலும் இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் தேவை.

வழிபாட்டுத் தலங்கள் எவ்வளவு பெரியதானாலும் சிறிய இடங்களுக்கான தரத்தில்தான் வருகின்றன. பிரிட்டனில் தேர்த்திருவிழா நடத்தும் நம் கோயில்களுக்கும், பரதநாட்டிய அரங்கேற்றமும் பூப்புனித நீராட்டு விழாவும் நடக்கும் மண்டபங்களுக்கும் இது வரும். அந்த வாசல்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், அவர்களில் பலர் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அடுத்த விழாவுக்குப் போகும்போது நிர்வாகக் குழுவில் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்: இந்தத் தம்பிக்கு ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் யாரைக் கூப்பிடவேண்டும், அந்த எண் அவன் போனில் இருக்கிறதா, அழைத்தால் எடுக்கிற ஆள் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்காமல் போனோடு இருப்பாரா?